கேட்காமல் பரிமாறுகிறவர்

“இந்தப் பல்கலைக்கழகத்துல முப்பத்திரண்டு துறை இருக்கு. அத்தனை துறையும் சேர்ந்து, கட்டடம் கட்டி, கருவி வாங்கி, மாநாடு போட்டும் செய்ய முடியாத ஒரு காரியத்தை நான் ஒத்தைக் கரண்டியை வெச்சுக்கிட்டுச் செய்றேன். ஒருத்தன் மூஞ்சியை ஒரு தடவை பார்த்தா போதும், அவனுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரிஞ்சிடும். இதுவரைக்கும் ஒருத்தரைக்கூட ‘என்ன வேணும்’னு நான் கேட்டதில்ல. இனிமேலும் கேட்கமாட்டேன்!”

ஜோசியர் இதை ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்று சொன்னார். ஏறியது மின்விசிறியைத் துடைப்பதற்காகத்தான். ஆனால் கொஞ்சம் உயரத்துக்குப் போய்விட்டால் மனிதனுக்குப் பேசத் தோன்றிவிடுகிறது. கீழே பத்துப் பதினைந்து மாணவர்கள் வேறு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை தட்டினார்கள். விசிறியின் தூசி தங்கள் தட்டுகளில் விழுந்துகொண்டிருந்ததை அந்த எழுச்சியில் ஒருவரும் கவனிக்கவில்லை.

அவர் உண்மையில் ஜோசியர் இல்லை; சாப்பாட்டுக்கடைக்காரர். பல்கலைக்கழகத்தின் பின்வாசலை ஒட்டி, சைக்கிள் நிறுத்துமிடத்துக்கும் நகல் எடுக்கும் கடைக்கும் நடுவில், தகரத் தாழ்வாரம் போட்ட கடை. ஆறு மேசைகள். சுவர் முழுக்க ‘அறை வாடகைக்கு’, ‘பழைய புத்தகம் விற்பனைக்கு’ என்று மாணவர்கள் ஒட்டிய காகிதங்கள். நீளமான பலகை ஒன்றின் மேல் மூடி போட்ட எட்டுப் பாத்திரங்கள். அவற்றுக்குப் பின்னால், ஆவியில் மூக்குக்கண்ணாடி மங்கிப்போய், கையில் கரண்டியோடு அவர். வரிசையில் தட்டோடு வருகிறவனை ஒரு பார்வை பார்ப்பார். ஏதாவது ஒரு மூடி திறக்கும். தட்டில் விழுந்ததுதான் சாப்பாடு. மாணவர்கள் வைத்த பெயர்தான் ஜோசியர். கடைக்கு அவர் வைத்த பெயர் பலகையில் இன்னும் இருக்கிறது; யாரும் படித்ததில்லை.

இந்த ஞானம் எப்படிப் பிறந்தது என்பதை ஆராய்ந்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். கடை தொடங்கியபோது இருந்தது இரண்டே பாத்திரம். ஒன்றில் சோறு, இன்னொன்றில் குழம்பு. அதை வைத்துக்கொண்டு வருகிறவனிடம் ‘என்ன வேணும்’ என்று கேட்பது வம்பை விலை கொடுத்து வாங்குவது. அதனால் கேட்காமலேயே போட்டார். பாத்திரம் இரண்டு நாலாகி, நாலு எட்டான பிறகும் கேட்கிற பழக்கம் வரவில்லை. பத்து வருடம் ஒரு பழக்கம் தொடர்ந்தால் அதற்குத் திறமை என்று பெயர் வந்துவிடும். இருபது வருடம் ஆனால் சாஸ்திரம்.

சாஸ்திரத்தில் விதிகளும் இருந்தன. பரீட்சையைச் சரியாக எழுதாத முகத்துக்குக் கீரை. வீட்டோடு போனில் பேசிவிட்டு வந்த முகத்துக்குக் கூடுதலாக ஒரு கரண்டி சோறு, அதோடு சுவரைப் பார்த்த ஓர மேசை. காதலில் அடிபட்ட முகத்துக்கு மிளகாய் தூக்கலாகப் போட்ட மீன். கண்ணீர் வந்தால் மீனின் மேல் பழி போட்டுக்கொள்ளலாம் அல்லவா! நேற்றுவரை அடிபட்டிருந்து இன்று வேறு ஒருத்தியோடு வந்து நிற்கிறவனுக்குப் பருப்பு மட்டும். “கொஞ்ச நாள் அடங்கி இரு” என்பது அதன் பொருள்.

எதிர்த்துப் பேசியவர்களும் உண்டு.

“அண்ணே, எனக்கு மீன் வேணும்.”

“மீன் வேணும்னு நீ நினைக்கிற. உன் மூஞ்சி பருப்பு கேட்குது.”

“சாப்பிடப்போறது நானா, என் மூஞ்சியா?”

“பின்ன, முதுகாலயா சாப்பிடப்போற? நகரு.”

நகர்ந்தான். மறுநாளும் வந்தான். எல்லாரும் வந்தார்கள். வீட்டை விட்டு வந்து, எதற்கெடுத்தாலும் தானே முடிவெடுத்துக் களைத்துப்போன பிள்ளைகளுக்கு, ஒரு மனிதர் தன் முகத்தை நின்று பார்த்து ‘இன்னிக்கு உனக்கு இதுதான்’ என்று சொல்வதில் ஒரு சுகம் இருந்தது. அதைச் சொன்னால் அவர்களே ஒப்புக்கொள்ளமாட்டார்கள். வேறு கடை தூரம் என்பார்கள்.

எட்டுப் பாத்திரத்திலும் என்ன இருக்கவேண்டும் என்று முடிவு செய்து சமைத்துவைக்கிறவள் மனைவி. அதில் எது யாருக்கு என்பது மட்டும்தான் ஜோசியரின் இலாகா. ஆனாலும் புகழ் மொத்தமும் இவருக்கே போய்ச் சேர்ந்தது. அதைப்பற்றி அவள் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தாள்.

“என் மூஞ்சியையும்தான் இருபத்தஞ்சு வருஷமா பார்க்கிறீங்க. எனக்கு என்ன வேணும்னு ஒரு நாளாவது கண்டுபிடிச்சிருக்கீங்களா?”

“உனக்கென்ன, எல்லாம்தான் இருக்கே.”

“அதான் கேட்டேன்” என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயத்தை நறுக்கப் போய்விட்டாள்.

இவர்களுக்கு ஒரே மகள். கடைக்கு மேலேதான் வீடு. பள்ளிக்கூடம் ஊரின் இன்னொரு மூலையில் இருந்ததால் மகளுக்குப் பன்னிரண்டு வருடமும் மதியச் சாப்பாடு டப்பாவில்தான் போனது. டப்பாவைக் கட்டுவது ஜோசியர். காலையில் பையோடு மாடிப்படி இறங்கி வருகிற முகத்தை ஒரு பார்வை பார்ப்பார், டப்பா மூடிக்கொள்ளும். ஆக, அவருடைய வாழ்க்கையில் மிக அதிகமான தடவை படிக்கப்பட்ட முகம் அது. அவருக்கு மனப்பாடம்.

மகளுக்கு அந்தப் பல்கலைக்கழகத்திலேயே இடம் கிடைத்தது. தெருவைக் கடந்தால் வகுப்பு. செய்தி வந்த அன்று ஜோசியர் வரிசையில் நின்ற எல்லாருக்கும் முகம் பார்க்காமல் மீன் போட்டார். ஜன்னலோரத்து நாலாவது மேசையின் ஆட்டத்தை, காலுக்கடியில் அட்டை மடித்து வைத்து நிறுத்தினார். அந்த மேசை மூன்று வருடமாக ஆடிக்கொண்டிருந்தது. அதுவரை ஆட்டத்தைப்பற்றி யார் புகார் சொன்னாலும், “நீ ஒழுங்கா உக்காரு, அது ஒழுங்கா நிக்கும்” என்பதுதான் பதில்.

அவருடைய ஆசை பெரிதாக ஒன்றுமில்லை. மதியம் பன்னிரண்டேகாலுக்கு மகள் புத்தகங்களை அணைத்துக்கொண்டு, மற்றப் பிள்ளைகளைப்போல வரிசையில் வரவேண்டும். அவர் பார்க்கவேண்டும். மூடி திறக்கவேண்டும். அவள் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிடுவதை அவர் பாத்திரங்களின் ஆவி வழியாகப் பார்த்துக்கொண்டே அடுத்தவன் தட்டில் போடவேண்டும். அவ்வளவுதான். பன்னிரண்டு வருடம் டப்பா கட்டிய மனிதர், அந்த டப்பா திறக்கப்படுவதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

முதல் நாள் வந்தாள். கூட இரண்டு தோழிகள். அன்று காலையில்தான் அறிமுகமானவர்கள். ஜோசியர் தன் வாழ்நாளின் மிகச் சிறந்த பரிமாறலை நிகழ்த்தினார். முதல் தோழிக்கு மீன். “அய்யோ, எப்படித் தெரியும்?” என்று அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். இரண்டாவது தோழிக்குக் கீரையும் காரக் குழம்பும். அவள் தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்றாவதாக மகள். பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. குழைந்த சோறு, அதன் மேல் பருப்பு, பக்கத்தில் மஞ்சள்கரு எடுத்த முட்டை.

“அப்பா, எனக்கும் அந்த மீன்.”

“உனக்கு மீன் வேணாம்மா.”

“இன்னிக்கு வேணும்ப்பா.”

“இவளுக்குக் காரம் ஆகாது” என்று ஜோசியர் தோழிகளுக்கு விளக்கினார். விளக்கம் அதோடு நின்றிருக்கலாம். “மஞ்சக்கருவைப் பார்த்தாலே அழுவா. அஞ்சு வயசுல ஒரு தடவை தெரியாம வெச்சிட்டேன், மேசைக்கடியில போய் உக்காந்துக்கிட்டா. வரவே இல்ல! அதே மூஞ்சிதான், பாருங்க, இப்பவும் அதே மூஞ்சி!”

வரிசையே திரும்பிப் பார்த்தது. மகள் சிரித்தாள். தட்டை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய், ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். தட்டைக் கழுவுமிடத்தில் வைத்தாள். “வர்றேன்ப்பா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வரவில்லை.

மறுநாள் வகுப்பு நீண்டுவிட்டிருக்கும் என்று நினைத்தார். மூன்றாம் நாள் நூலகம் என்று நினைத்தார். இரண்டாவது வாரம் முட்டைக்காரர் சைக்கிளில் அட்டை அட்டையாக முட்டையை இறக்கிவைத்துக்கொண்டே, உலகத்துக்கு வானிலை சொல்கிறவரைப்போலச் சொன்னார்.

“உங்க பொண்ணு முன்வாசல் கண்ணாடிக் கடையில சாப்பிடுதே. தினம் பார்க்கிறேன். உடம்புக்கு ஏதாச்சும் பத்தியமா?”

“ஆமா” என்றார் ஜோசியர். “பத்தியம்தான்.”

கண்ணாடிக் கடை புதிது. முன்சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே சாப்பிடுகிறவன் தெருவுக்குத் தெரிவான். தெரிவதற்காகவே பலபேர் சாப்பிட்டார்கள். அங்கே முகம் பார்க்கிறவர் யாரும் கிடையாது. சாப்பாட்டுப் பட்டியல் எழுதிய ஒரு அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு, குறிப்புப் புத்தகத்தோடு ஒரு பெண் வந்து நிற்பாள். ஜோசியரின் கணக்கில் அது சாப்பாட்டுக்கடையே இல்லை, விண்ணப்பப் படிவம் பூர்த்தி செய்யும் அலுவலகம்.

அன்றிலிருந்து அவர் காத்திருக்கத் தொடங்கினார். ஆனால் அதைக் காத்திருப்பு என்று சொல்லிவிடமுடியாது; அதற்கான தடயம் எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. பன்னிரண்டேகாலுக்கு ஒரு தட்டில் குழைந்த சோறும் பருப்பும் மஞ்சள்கரு எடுத்த முட்டையும் போட்டு, மேலே இன்னொரு தட்டால் மூடி, பலகைக்கடியில் வைத்துவிடுவார். ஜன்னலோர மேசையில் யாராவது உட்காரப் போனால், “அங்க ஆள் வர்றாங்க” என்பார். தினமும் ஆள் வருகிற மேசையில் ஒரு நாளும் ஆள் வராததைக் கண்ட மாணவர்கள், துணைவேந்தர் ரகசியமாக வந்துபோகிறார் என்று முடிவு கட்டிக்கொண்டார்கள். ஒருவன், தான் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னான்.

இரண்டு மணி ஆனதும் மூடிவைத்த தட்டு ‘ஆறாம் வருஷம்’ என்பவனுக்குப் போகும். மூன்று வருடப் படிப்பில் அவன் அப்போது ஆறாவது வருடம் இருந்தான். தன் சாப்பாடு முடிந்த பிறகும் எழுந்திருக்காமல், இரண்டு மணிவரை ஒரு பாடப்புத்தகத்தைத் தலைகீழாக வைத்துப் படித்துக்கொண்டிருப்பான். அந்த இரண்டாவது தட்டை விட்டுப் பிரிய மனமில்லாமல்தான் அவன் பட்டம் வாங்காமல் தள்ளிப்போடுகிறான் என்று ஒரு பேச்சு உண்டு. எட்டாவது வருடத்தை எட்டியபோதும் பெயர் மட்டும் ஆறிலேயே நின்றுவிட்டது.

இத்தனைக்கும் அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டை எதுவும் இல்லை. அதுதான் கஷ்டம். சண்டை என்றால் யாராவது ஒருவர் இறங்கிவந்து சமாதானம் செய்யலாம். இல்லாத சண்டைக்கு எந்த வாசலில் போய்ச் சமாதானம் கேட்பது? சாயங்காலம் மகள் வந்து, மாடிப்படியில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, வாத்தியார்களைப்போல நடித்துக் காட்டுவாள். இவர் விழுந்து விழுந்து சிரிப்பார். உலகத்தில் உள்ள அத்தனை விஷயமும் அந்தப் படிக்கட்டில் அலசப்பட்டது, மதியச் சாப்பாட்டைத் தவிர.

“கேட்டுத்தான் தொலைங்களேன்” என்றாள் மனைவி.

“எதை?”

“ஏன் கடைக்கு வரமாட்டேங்கிறேன்னு.”

“எதுக்குக் கேட்கணும்? மூஞ்சியைப் பார்த்தாலே தெரியப்போகுது.”

“சரி, பார்த்தீங்களே, என்ன தெரிஞ்சுது?”

ஜோசியர் கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

தெரியாததை ஈடுகட்ட அவர் காரணங்களைத் தயாரித்தார். முதல் வருடக் காரணம், அந்தக் கடையின் விளக்கு. சின்ன வயசுக்கு வெளிச்சம் பிடிக்கும். இரண்டாம் வருடக் காரணம், தோழிகள். கூட்டம் எங்கே இழுக்கிறதோ அங்கேதானே போகமுடியும். மூன்றாம் வருடம் காரணங்கள் தீர்ந்துபோய், யாராவது ஒரு பையனாக இருக்குமோ என்ற இடத்துக்கு வந்துசேர்ந்தார். அது வந்ததும் கையில் கரண்டி நிற்கவில்லை. ஒரு வியாழக்கிழமை கடையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு, மச்சான் விட்டுப்போன தொப்பியையும் ஒரு கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, அடையாளம் தெரியாத மனிதராக முன்வாசலுக்குப் புறப்பட்டார்.

“என்ன ஜோசியரே, தொப்பியெல்லாம் பலமா இருக்கு!” என்றான் நகல் கடைக்காரன்.

“ஜோசியரே, என்ன, கண்வலியா?” என்றது சைக்கிள் நிறுத்துமிடம்.

முன்வாசல் போய்ச் சேர்வதற்குள் பதினொரு பேர் வணக்கம் சொல்லிவிட்டார்கள். பஸ் நிறுத்தத்துத் தூணுக்குப் பின்னால் பாதி உடம்பை மறைத்துக்கொண்டு நின்றார். மீதிப் பாதி தெருவுக்குத் தெரிந்தது.

மகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தாள். பையன் எவனும் இல்லை. தோழிகளும் இல்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தாள். குறிப்புப் புத்தகப் பெண் வந்தாள். மகள் அட்டையில் ஒன்றின் மேல் விரலை வைத்தாள், எடுத்தாள், இன்னொன்றின் மேல் வைத்தாள், தலையை ஆட்டினாள். எதையோ சொல்ல, அந்தப் பெண் எழுதிக்கொண்டு போனாள். பாதி தூரம் போனவளை மகள் திரும்பக் கூப்பிட்டு வேறொன்றைச் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஜோசியர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது நிமிடம்! ஒன்பது நிமிடத்தில் அவர் நாற்பது பேருக்குச் சாப்பாடு போட்டுவிடுவார்.

பிறகு தட்டு வந்தது. ஜோசியர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

குழைந்த சோறு. பருப்பு. ஒரு முட்டை. மகள் முட்டையை இரண்டாகப் பிளந்து, மஞ்சள்கருவைக் கரண்டியால் நோகாமல் தள்ளி ஓரத்தில் வைத்தாள்.

ஜோசியர் திரும்பி நடந்தார் என்று சொல்வது சரியல்ல, ஊர்வலமாக வந்தார். கடைக்குள் நுழைந்ததும் அடுக்களைக்கே போய், “நான் சொன்னேன்ல! அதேதான்! சோறு, பருப்பு, முட்டை! மஞ்சக்கருவை எடுத்து ஓரமா வைக்கிறா! ஒரு பருக்கை மாத்தமில்ல!” என்றார். தொப்பியைத் தூக்கி ஆணியில் எறிந்தார். அது போய்க் கீரையில் விழுந்தது.

மனைவி தொப்பியை எடுத்து உதறினாள்.

“அப்ப நீங்க போடுறதைத்தான் அங்கயும் சாப்பிடுறா.”

“அதைத்தானே சொல்றேன்!”

“அப்புறம் எதுக்குங்க அவ்வளவு தூரம் போறா?”

ஜோசியர் கரண்டியை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனார். அன்று மாலைவரை வந்த எல்லாருக்கும் கீரைதான் விழுந்தது. இவ்வளவு பேரா பரீட்சையில் கோட்டை விட்டார்கள் என்று மாணவர்களே கவலைப்பட்டார்கள்.

சாயங்காலம் படிக்கட்டில் அவரே ஆரம்பித்தார். ஆரம்பித்தது எதிரே நின்ற சைக்கிளைப் பார்த்துக்கொண்டு.

“அந்தக் கண்ணாடிக் கடையில அப்படி என்ன விசேஷம்?”

“ஒண்ணும் விசேஷமில்லப்பா. பருப்பு நம்ம வீட்டு ருசி வராது.”

“பின்ன?”

மகள் காலுக்கு முன்னால் இருந்த ஒரு கல்லைச் செருப்பால் உருட்டினாள். “சும்மா உக்காந்து யோசிப்பேன்.”

“என்ன யோசிப்ப?”

“என்ன சாப்பிடலாம்னு.”

“இதுக்கு எதுக்கும்மா யோசிக்கணும்? மூணு வருஷமா அதையேதானே சாப்பிடுற!”

“ஆமா” என்றாள் மகள். “ஆனா ஒவ்வொரு நாளும் கேட்கிறாங்கப்பா.”

கீழே யாரோ சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள். ஜோசியருக்குப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று.

மறுநாள் அவர் ஒரு சோதனை செய்தார். பாவம், அறிவியல் துறைக்காரர்கள் செய்வதைப்போலவே முறையாகத்தான் செய்தார். வரிசையில் முதலில் நின்ற ஒல்லிப் பையனைப் பார்த்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “என்ன வேணும்?” என்றார். வரிசையில் நின்ற ஒருவனிடம் அந்தக் கேள்வி முதல்முறையாகக் கேட்கப்பட்டது. ஒல்லிப் பையனின் முகம் வெளுத்தது.

“ஏண்ணே? என் மூஞ்சியில ஒண்ணும் தெரியலையா?”

“தெரியுது, தெரியுது. இருந்தாலும் உனக்கு என்ன வேணும்?”

“எனக்கு எப்படிண்ணே தெரியும்? நீங்கதானே சொல்லணும்!”

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருத்தி, தனக்கு ஏதோ நோய் இருப்பதை ஜோசியர் சொல்லத் தயங்குவதாக நினைத்துக்கொண்டு கண்கலங்கிவிட்டாள். இரண்டு பேர் தட்டைத் திரும்ப அடுக்கிவிட்டுப் போனார்கள். ஆறாம் வருஷம் எழுந்துவந்து, “அண்ணே, உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நாங்க எங்க போவோம்? ஓய்வெடுங்க” என்று தோளைத் தடவிக்கொடுத்தான். ஜோசியர் நிம்மதியாக மூச்சுவிட்டார். அப்பாடா! சோதனை தோல்வி. சாஸ்திரம் சரி. கேட்பது என்பது ஜனங்களுக்கு ஒத்துவராத விஷயம். ஒல்லிப் பையனுக்குக் கீரையைப் போட்டு அனுப்பினார். அவன் உயிர் திரும்பிவந்தவனாகப் போய் உட்கார்ந்தான்.

ஆனால் பன்னிரண்டேகாலுக்கு மூடிவைக்கிற தட்டை அன்று மூடும்போது, அந்தக் கை கொஞ்சம் தாமதித்தது. இந்தத் தட்டும் கேட்காமல் கட்டிய ஒரு டப்பாதானே என்று தோன்றியிருக்கலாம். தோன்றியதா என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

பரீட்சை முடிந்தது. முடிவும் வந்தது. மகள் நன்றாகவே தேறினாள். பஸ்ஸில் ஒரு பகலும் பாதி இரவும் போகவேண்டிய ஊரில் வேலை கிடைத்தது. கிளம்புகிற நாளும் குறித்தாகிவிட்டது. திங்கட்கிழமை, இரண்டு மணி பஸ்.

அந்தக் கடைசி வாரம் ஜோசியர் யாரையும் திட்டவில்லை. அதுவே கடையில் பெரிய செய்தியாயிற்று. ஜன்னலோர மேசையைக் காலையிலும் துடைத்தார், பத்து மணிக்கும் துடைத்தார். மேலே மாடியில் பெட்டி கட்டுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் கரண்டி அந்தரத்தில் ஒரு கணம் நிற்கும். சாயங்காலங்களில் வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்தார். மகள் நடித்துக் காட்டுவதற்கு முன்பே சிரித்தார்.

“இன்னும் நாலு மதியம் இருக்கு” என்றார் மனைவியிடம், வியாழக்கிழமை.

“எதுக்கு?”

“எதுக்குமில்ல. சும்மா சொன்னேன்.”

வெள்ளி, சனி, ஞாயிறு போயின. மூன்று தட்டுகளையும் ஆறாம் வருஷம் சாப்பிட்டான். “அண்ணே, பருப்புல இன்னிக்கு உப்பு தூக்கல்” என்றான் ஞாயிற்றுக்கிழமை. “இருக்கும்” என்றார் ஜோசியர். முப்பது வருடத்தில் அவர் ஒப்புக்கொண்ட முதல் குறை அது.

திங்கட்கிழமை பன்னிரண்டேகால். தாழ்வாரத்தைத் தாண்டி வரிசை நின்றது. ஜோசியர் தலை நிமிராமல் போட்டுக்கொண்டே வந்தார். கீரை. மீன். குழம்பு. கீரை. அடுத்த தட்டு நீண்டது. தட்டைப் பிடித்திருந்த கையில், நேற்று அம்மா வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் இருந்தது.

கண்ணாடிக் கடை அன்று பூட்டியிருந்ததா என்று கேட்கவேண்டாம். திறந்துதான் இருந்தது, முட்டைக்காரர் சாட்சி. மாடியிலிருந்து நேராக அடுக்களைக்குள் இறங்கி அம்மாவிடம் வாங்கிச் சாப்பிட்டிருக்கலாமே என்றும் கேட்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. தெருவுக்கு இறங்கி, வரிசையின் கடைசியில் போய் நின்று, அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டு, எல்லாரையும்போல ஒவ்வொரு அடியாக நகர்ந்துதான் வந்தாள்.

ஜோசியரின் கரண்டி தானாகவே பருப்பை நோக்கிப் போனது. மூடியைத் தொட்டது.

அங்கே அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். மேசைக்கடியில் போய் உட்கார்ந்த அஞ்சு வயசு முகத்தை அதில் தேடினார். கண் இருந்தது, மூக்கு இருந்தது, நெற்றியில் அம்மாவின் அதே சுழி இருந்தது. தலையை வேறு மாதிரி வாரியிருந்தாள். ஊருக்குப் போகிற சந்தோஷமா, பயமா, பசியா, வேறு ஏதாவதா? ஆவி படிந்த கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறுங்கண்ணாலும் பார்த்தார். தட்டோடு ஒரு பெரிய பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு என்ன வேண்டும் என்பது அந்த முகத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

“என்ன வேணும்மா?” என்றார். அவளுக்கு மட்டும் கேட்கிற குரல்.

மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து பாத்திரங்களைப் பார்த்தாள். ஜோசியர் எட்டு மூடிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பலகையின் மேல் மல்லாத்தி வைத்தார்.

“வரிசை ஏன் நிக்குது?” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

“இருங்கப்பா. யோசிச்சுச் சொல்றேன்” என்றாள் மகள்.

“யோசி” என்றார் ஜோசியர். கரண்டியைப் பலகையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அத்தனை நேரமும் அவள் யோசித்தால்கூடப் பரவாயில்லை என்று அவருக்கு இருந்தது.